முப்பத்தோராம் பக்கம்

குருநகர்
2025 பெப்ரவரி 12

அக்காவுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டரை வருடமாகிறது. மாதாமாதம் அம்மா போடும் கடிதத்தின் அடியில் "தங்கச்சியும் சுகம் கேட்டவள்" என்று ஒரு வரி வரும். அது அம்மாவின் சொந்தக் கற்பனை. நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது எழுதுவது ஒரு தேவைக்காக. உங்களிடம் போன் இல்லை என்பதால் இந்தப் பேனை.

குவாண்டம் மெக்கானிக்ஸ் அறிமுகப் பாடத்தில் இடைப் பரீட்சை நடந்தது. எனக்கு நூற்றுக்குப் பத்தொன்பது. அம்மா அப்பாவுக்குத் தெரியாது, நீங்களும் எழுதிப்போடக் கூடாது. எங்கள் பட்ச்சில் இருபத்தேழு பேர், இருபத்தேழு பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழை விட்டிருக்கிறோம். பத்மாவதி மேடம் விடைத்தாள் கட்டை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னா: "ஒராளைப் பாத்து இருபத்தேழு பேர் எழுத ஹோலிலை இடமில்லை. அப்ப உது எங்கையிருந்து வந்தது? நாலு வருசமா இதே பிழை. நான் கரும்பலகையிலை எழுதிறதை ஒருத்தரும் பாக்கிறேல்லை. இந்த முறை நான் சொல்ல மாட்டன். கடைசிப் பரீட்சையிலை திருப்பிக் கேப்பன், அதுக்குள்ள நீங்களே கண்டுபிடியுங்கோ."

எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் விரிவுரையில் படிப்பதில்லை. ஆங்கிலம் ஓடுகிற ஓட்டத்தில் என் கொப்பியில் திகதி மட்டும்தான் ஒழுங்காக விழும். பிறகு எங்கள் பட்ச் கஜீவன் குப்பி வைப்பான். விளங்கினவன் விளங்காதவனுக்கு எடுக்கும் அந்த வகுப்பு இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் கம்பஸைத் தாண்ட மாட்டோம். குப்பிக்கு ஆதாரம் வாசல் கடையில் போட்டோக்கொப்பியாக விற்கும் ஒரு கட்டு. அதற்குப் பெயர் "பெர்னடெட் கொப்பி". உங்கள் கையெழுத்து.

மற்றவர்களுக்கு முப்பது, நாற்பது வந்தது. எனக்குப் பத்தொன்பது வந்ததற்குக் காரணம், நான் மட்டும் ஒரு வரி விடாமல் பாடமாக்கியிருந்தேன்.

பிழை முப்பத்தோராம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கொப்பியின் கொப்பியின் கொப்பி, அந்தப் பக்கம் பாதி அழிந்துவிட்டது. உங்கள் அசல் கொப்பி வேண்டும். எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். கடைசிப் பரீட்சையில் எழுபத்தெட்டு எடுத்தால்தான் சிறப்புப் பட்டத்துக்கு என் பெயர் போகும். ஒரு புள்ளி குறைந்தாலும் பொதுப்பட்டத்தோடு வீட்டுக்கு வந்து இருக்க வேண்டியதுதான். பௌதிகம் படிப்போம், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போவோம் என்று சொன்னது நீங்கள். சொன்னவ போய்விட்டா. கேட்டவள் இன்னும் போகத்தான் நினைக்கிறாள்.

லவீனா


பண்டாரவளை
2025 மார்ச் 2

அன்பின் லவீ,

உன் எழுத்தை உறையில் கண்டதும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். முழுக்கக் கோபமாகத்தான் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, வந்ததே!

எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறுதான் கடித நாள். வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும், பயிற்சியில் இருக்கும் எங்கள் எட்டுப் பேரையும் பார்க்கும் ஜெசிதா சிஸ்டர் முதலில் வாசிப்பார். உன் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, "பிள்ளை, உந்தக் குவாண்டம் எண்டது என்ன? கூடாத சாமானோ?" என்று கேட்டார். துகள்களைப் பற்றிய பாடம் என்றேன். நம்பினாரோ தெரியாது.

அந்தக் கொப்பியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. வீடு மாற்றும்போது போயிருக்கலாம். அதைத் தேடி நாளை வீணாக்காதே. போட்டோக்கொப்பியையும் மூடிவை. பெட்டிக்குள் அடைபட்ட ஒரு துகள், இரண்டு பக்கமும் சுவர். சுவரில் அதன் அலை என்னவாக வேண்டும் என்று உன்னையே கேட்டுப் பார். முதலிலிருந்து செய். உனக்கு முடியும். நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன், நீதான் நம்பவில்லை.

நான் போனதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன்னிடம் நேரே சொல்லாமல் போனதற்குக் கேட்கிறேன். ஸ்டேசனில் கடைசிவரை உன் வரவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வரவில்லை.

அக்கா


குருநகர்
2025 மார்ச் 14

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டையும் கண்டுபிடித்துவிட்டேன்.

முதலாவதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரைக்குப் போனேன். அப்பா வள்ளத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். கம்பத்துக்கும் வள்ளத்துக்கும் இடையில் கயிறு கட்டியிருந்தது. சுவர், சுவர் என்று நீங்கள் எழுதினது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், சும்மா அந்தக் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன். இரண்டு முனையும் அசையவில்லை, நடுவில் ஒரு வளைவு வந்தது. வேகமாக ஆட்டினேன், இரண்டு வளைவு. இன்னும் வேகம், மூன்று. ஒன்றரை வளைவு எவ்வளவு ஆட்டினாலும் நிற்கவே இல்லை. நாங்கள் பரீட்சையில் எழுதும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் இவைதான். பாடமாக்கின ஒன்றைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"என்ன பிள்ளை, கயிறடிச்சு விளையாடிற வயசே?" என்றார் அப்பா.

"அப்பா, ஒரு வளைவும் இல்லாமல் ஆட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வளைவில்லாட்டி அது ஆடேல்லையெண்டு அர்த்தம். ஆடாத கயித்தை எப்பிடியடி ஆட்டிக் காட்டிறது?"

அந்த இடத்திலேயே மணலில் குந்திவிட்டேன். கொப்பியில் எண்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. பூச்சியம், ஒன்று, இரண்டு. பூச்சியமென்றால் அலை இல்லை. துகள் எங்கே இருக்கலாம் என்று சொல்வதே அலைதான். அலை இல்லையென்றால் பெட்டிக்குள் துகளே இல்லை! இல்லாத துகளுக்கு இருபத்தேழு பேர் சக்தி கணித்து "பூச்சியம்" என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடைபட்ட துகள் ஒருநாளும் சும்மா கிடக்காது. வீட்டுக்கு ஓடிவந்து திருப்பிச் செய்தேன். முதற்படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத் தேவையான சக்தி, நாங்கள் எழுதினதைப்போல் மூன்று மடங்கு. எல்லாம் பொருந்தியது. மேசையில் அடித்த அடியில் அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தா.

இனி இரண்டாவது. அம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பச்சை மட்டைக் கொப்பி இருந்தது. வீடு மாற்றும்போது தொலைந்த கொப்பி! முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். பூச்சியத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் "1 இலிருந்து" என்று எழுதியிருக்கிறது. திகதியும் போட்டிருக்கிறது. நீ பரீட்சை எழுதுவதற்கு ஒன்பது நாள் முந்திய திகதி.

உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு உன்னுடையதை மட்டும் திருத்தினாய். ஏ பிளஸ் எடுத்தாய். கடையில் கிடந்த கட்டில் பிழை அப்படியே கிடந்து நாலு பட்ச் பிள்ளைகளை விழுத்தியிருக்கிறது, கடைசியாக உன் தங்கச்சியையும். நான் வரிவரியாகப் பாடமாக்கினது ஏன் என்று நினைக்கிறாய்? உன்னோடு கதைக்காத இரண்டரை வருடமும் நான் வாசித்த உன் எழுத்து அது ஒன்றுதான்.

எங்கே வைத்தேன் என்று நினைவில்லையாம். சிஸ்டராகப் போகிறவ எழுதுகிற எழுத்தா இது?

ல.


பண்டாரவளை
2025 ஏப்ரல் 6

என் லவீ,

"நீங்கள்" என்று மூன்றாம் மனுசிக்கு எழுதுவதுபோல் எழுதியவள், நடுவில் "நீ" என்று ஏசத் தொடங்கினாய். அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் உண்மை.

ஓம், எனக்குத் தெரியும். கட்டைக் கடையில் கொடுத்து மூன்று வாரத்துக்குப் பிறகு பத்மாவதி மேடம் என் கொப்பியை வாங்கிப் பார்த்து, பூச்சியத்தில் விரலை வைத்தா. அன்றைக்கே என்னுடையதைத் திருத்தினேன். கடைக்கு நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அந்த நாட்களில் எல்லோரும் "பெர்னடெட் கொப்பியிலை பிழை பிடிக்கேலாது" என்று சொல்வார்கள். குருநகர்ப் பெட்டை, அப்பா கடற்தொழில், அவளின் கொப்பியைப் பட்டணத்துப் பெடியள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தப் பெருமை எனக்கு இனித்தது. பிழை என்று போய்ச் சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று கிடந்து கடைசியில் மறந்ததாக நடித்தேன். உனக்கு எழுதினதும் பொய்தான். அந்தக் கொப்பியைச் சேலைக்குள் வைத்தவள் நான்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் குறைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். நான் காலை மணிக்குப் பிந்தி எழும்புவதை எழுதினேன். இதை எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்று ஜெசிதா சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "பாவசங்கீர்த்தனம் செய்தால் உன்ரை மனம் ஆறும். கடையிலை கிடக்கிற கொப்பி ஆறுமோ? திருத்தி அனுப்பு" என்றார். அவரே தாளும் தந்தார்.

இதனுடன் ஒரு பக்கம் இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கிறேன். அடியில், முதலில் எழுதினது பிழை, பிழை என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை, இதனால் புள்ளி இழந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதிப் பெயரும் போட்டிருக்கிறேன். கடையில் ஒட்டிவிடு.

இன்னொன்று. நான் படிப்பில் தோற்று இங்கே வந்ததாக ஊரில் சிலர் சொல்வார்கள். நான் வென்றுதான் வந்தேன். விருப்பப்பட்டு வந்தேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நீ அழுவாய், நான் போகாமல் நின்றுவிடுவேன். அதனால் சொல்லவில்லை. அதுவும் கோழைத்தனம்தான்.

அக்கா


குருநகர்
2025 ஏப்ரல் 23

அக்கா,

உன் பக்கத்தை இரண்டு நாள் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழித்துப்போடவும் நினைத்தேன். உன்னை ஏச எனக்கு உரிமை இருக்கிறது, ஊர் ஏன் ஏச வேண்டும் என்று தோன்றியது. பிறகு, பெயர் போட்டு எழுதினவளே நீதானே, நான் யார் மறைக்க என்று குப்பிக்குக் கொண்டுபோனேன்.

கஜீவனை உனக்குத் தெரியாது. சுன்னாகத்துப் பெடியன், கெட்டிக்காரன், தான் சொன்னதில் நின்றால் நின்றதுதான். பிழை பூச்சியத்தில் என்று நான் சொன்னதும் சிரித்தான். "பெர்னடெட் அக்கான்ரை கொப்பியிலை பிழையோ? உமக்கு விளங்கேல்லையெண்டு சொல்லும்." பத்தொன்பது எடுத்தவள் சொன்னால் யார் கேட்பார்கள்? எல்லோரும் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அடுத்த நாள் அப்பாவின் கயிற்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். மீன் மணக்குது என்று பெட்டைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டினேன். மற்ற முனையைக் கஜீவனின் கையில் கொடுத்து, அசையாமல் பிடி என்றேன். ஆட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு கயிற்றை அவனிடமே விட்டு, "இப்ப பூச்சியத்தை ஆட்டிக் காட்டும்" என்றேன்.

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாக, "அடக் கடவுளே, பெட்டிக்குள்ளை ஆளே இல்லை" என்றான்.

அதற்குப் பிறகு வெண்கட்டி என் கையில். மூன்று மணித்தியாலம் நான் குப்பி எடுத்தேன் அக்கா, நான்! தமிழில்தான் எடுத்தேன், ஆங்கிலச் சொற்களை ஓரத்தில் எழுதிப்போட்டு. கேள்வி கேட்டார்கள், பதில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

முடிவில் உன் பக்கத்தை வாசித்தேன். ஒருவரும் ஏசவில்லை. கஜீவன்தான் முதலில் கதைத்தான். "ஏ பிளஸ் எடுத்தவவே பிழை விட்டிருக்கிறா. அப்ப நாங்கள் ஏன் கேள்வி கேக்கப் பயப்பிடுறம்?" கடையில் பழைய முப்பத்தோராம் பக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உன்னுடைய புதியதைச் செருகியாயிற்று. அடியில் உன் மன்னிப்போடு, அப்படியே.

முழுக்க மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. முக்கால்வாசி.

லவீ


பண்டாரவளை
2025 மே 4

லவீக்குட்டி,

முக்கால்வாசி போதும். மிச்சத்தை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஜெசிதா சிஸ்டர் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஏச்சு என்று பயந்து போனால், கொடிக்கயிற்றடியில் நிற்கிறார். "எங்கை, அந்த ரெண்டு வளைவை ஒருக்காக் காட்டு பாப்பம்." காட்டினோம். மூன்றாவது வளைவில் காய்ந்த உடுப்பெல்லாம் புல்லில் விழுந்தது. எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் பெரிய மதர் யன்னலைத் திறந்துவிட்டார். திருப்பித் தோய்த்தோம். உன் பழைய கடிதத்தில் அடைபட்ட துகள் சும்மா கிடக்காது என்று ஒரு வரி இருந்ததே, அதைக் காட்டி, "உது எங்களைப் பற்றியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பரீட்சைக்கு இத்தனை புள்ளி தா என்று மன்றாட மாட்டேன். நீ பதறாமல் இருக்க மன்றாடுவேன். மற்றதை உன் கை பார்த்துக்கொள்ளும்.

செப்டெம்பர் எட்டாம் திகதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியாஸ்திரியாக வாக்குக் கொடுக்கும் நாள். அப்பாவும் அம்மாவும் வருவார்கள். உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஸ்டேசனுக்கு நீ வராததை நினைத்து இப்போது எனக்கு மனக்குறை இல்லை என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

அக்கா


குருநகர்
2025 யூலை 26

அக்கா! அக்கா! அக்கா!

ஜெசிதா சிஸ்டர், இதை நீங்கள்தான் முதலில் வாசிக்கிறீர்கள். தயவு செய்து முதல் ஞாயிறுவரை வைத்திருக்காமல் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

தொண்ணூற்று நான்கு! எழுபத்தெட்டுக் கேட்ட இடத்தில் தொண்ணூற்று நான்கு. சிறப்புப் பட்டத்துக்கு ஆறு பேர், என் பெயர் நாலாவது. பெயர்ப் பட்டியலை மூன்று தரம் வாசித்தேன். பிறகு வேறு லவீனா யாரும் பட்ச்சில் இருக்கிறார்களா என்று கூடப் படிக்கும் றொசாந்தியிடம் கேட்டேன். அவள் தலையில் குட்டினாள்.

யூன் மாதத்தில் பரீட்சை முடிந்ததும் எழுதாமல் விட்டது பயத்தில்தான். இப்போது சொல்கிறேன். தாளைத் திருப்பினால் முதலாவது கேள்வியே அதுதான். "பெட்டிக்குள் அடைபட்ட துகளின் மிகக் குறைந்த சக்தி பூச்சியம் என்று ஒரு மாணவர் சொல்கிறார். அவருக்கு விளக்குக." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றவர் கிட்ட வந்து பார்த்தார். நான் குனிந்து எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஒரு இடத்திலும் பேனை நிற்கவில்லை. மூன்று மணித்தியாலம் முடிந்து வெளியே வந்தால் கஜீவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறான். பட்ச் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவருகிறது. எங்களை ஏதோ சண்டை என்று நினைத்துக் காவலாளி வந்துவிட்டார்.

பத்மாவதி மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டா. "இருபத்தேழு பேருக்கும் முதலாம் கேள்வி சரி. நாலு வருசத்திலை இது முதல் தரம். கயிறு கொண்டந்தது நீர்தானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அந்தக் கயித்தைக் கொண்டந்து என்னட்டைத் தாரும். வாற வருசம் விரிவுரைக்கு நான் பாவிக்கப் போறன்." பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினா. உன்னுடைய புதிய முப்பத்தோராம் பக்கம். கடையில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறா. "உம்மடை அக்காவுக்கு எழுதேக்கை சொல்லும், அவவின்ரை விடைத்தாளைவிட இது எனக்குப் பெரிசு" என்றா.

நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில்தான்.

நேற்று யாகப்பர் திருநாள். வீட்டில் பத்தொன்பதையும் சொன்னேன், தொண்ணூற்று நான்கையும் சொன்னேன். அம்மா பத்தொன்பதுக்கு ஒரு அடி தந்துவிட்டுத்தான் கொஞ்சினா. அப்பா எழும்பிப் போனார். கரையில் போய், திருநாளுக்கு வாங்கின வெடி முழுவதையும் கொளுத்திவிட்டார். "அடைக்கலநாதன், என்னப்பா, சுற்றுப்பிரகாரம் இன்னும் வெளிக்கிடேல்லை" என்று சனம் கத்த, "இது யாகப்பருக்கில்லை, என்ரை பிள்ளைக்கு" என்றாராம்.

கயிறு கேட்டதைச் சொன்னேன். பழையதைக் கொடுக்க மாட்டாராம், கம்பஸுக்குப் போகிற சாமான் மரியாதையாகப் போக வேண்டுமாம். புதுக்கயிறு வாங்கி, இரண்டு முனையிலும் தானே முடிச்சுப் போட்டுத் தந்திருக்கிறார்.

லவீ


பண்டாரவளை
2025 ஓகஸ்ட் 3

என் தங்கமே,

புதன்கிழமை மத்தியானம், நாங்கள் கதைக்காமல் சாப்பிடும் நேரம். ஜெசிதா சிஸ்டர் உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த மௌனத்தைக் காக்க வேண்டியவரே அவர்தான். கதவடியில் நின்று, "தொண்ணூற்று நாலு!" என்று கத்தினார். பெரிய மதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

மேடம் சொன்னதை வாசித்தேன். எத்தனையோ நாள் நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. இதற்கு மேல் எழுத வரவில்லை, லவீ. வா. முடிந்தால் வா.

அக்கா


குருநகர்
2025 ஓகஸ்ட் 25

அக்கா,

மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பா, அம்மா, நான். ஏழாம் திகதி பின்னேரம் வந்து சேருவோம். அம்மா பனங்காய்ப் பணியாரம் சுடுகிறா. ஜெசிதா சிஸ்டருக்குத் தனியாக ஒரு பெட்டி.

வரமுதல் ஒன்று சொல்ல வேண்டும். பிழையைத் தன் கொப்பியில் மட்டும் திருத்தி வைத்தவள் நீ ஒருத்தி இல்லை.

நீ போன அன்று நான் ஸ்டேசனுக்கு வந்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு உனக்கு முதலே வந்துவிட்டேன். பார்சல் அறைக்குப் பின்னால் நின்றேன். நீ திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்ததையும், அம்மா உன் கையைப் பிடித்து இழுத்ததையும், ரயில் வெளிக்கிட்ட பிறகும் நீ யன்னலால் தலையை வெளியே போட்டுக்கொண்டு போனதையும் பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். அவ்வளவு கிட்ட நின்றேன். கோபம் விடவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருடம் நீ என்னை வராதவள் என்று நினைத்திருக்க விட்டுவிட்டேன். உன்னை அவ்வளவு ஏசினவளும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறாள்.

இதுதான் என்னுடைய திருத்தம். மிச்சக் கால்வாசியும் உனக்குத்தான், வைத்துக்கொள்.

உன்னை ஸ்டேசனுக்கு வர விடுவார்களோ தெரியாது. விட்டால் வா. இந்த முறை ரயில் நிற்க முதலே பெட்டி வாசலில் நிற்பேன், உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன்.

உன் லவீ